பவளம் கடைசியில் வரட்டும்

1846ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார் அன்னா தின் என்ற பெண்மணி. கடல்நீரை அடிக்கடி வரவழைக்க முடியாத ஊர். இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே வைத்து, டீ ஆற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆற்றவைத்தார். அந்த வேலை பணிப்பெண் தலையில் விழுந்தது. நீரில் காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. அடுத்த ஆண்டு கடற்பாசியும் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவற்றைக் காப்பாற்றினார்.

இன்று அந்தப் பணிப்பெண்ணின் வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்துவிடுகிறது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைக்குப் போனால் தொட்டி, விளக்கு, உப்பு எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடலாம். அன்றைக்கே பவளத்தையும் வாங்கிவந்து போடுவதுதான் பெரும் தவறு.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு சமைத்துக் கொடுப்பதுதான் அதற்கு முக்கிய உணவு. புதுத்தொட்டி நீர் பார்வைக்குப் பளிங்காக இருக்கும். ஆனால் மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கிளம்பும் அம்மோனியாவை அழிக்க அதில் யாருமில்லை. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும்.

ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்பைக் கரைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு துண்டு இறாலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரம் இருமுறை சோதனைக் குழாயில் ஐந்து மில்லி நீர் எடுத்துச் சொட்டு மருந்து விடுங்கள். பரவலாகக் கிடைக்கும் சோதனைப் பெட்டியில் பச்சை தெரிந்தால் அம்மோனியா இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் இல்லை. அதன்பிறகும் கண்ணாடியில் பழுப்புப் படலம் படியும், பாறையில் பச்சைப் பாசி முடிபோல வளரும். பலர் மனம் உடைந்து தொட்டியைக் கொட்டிக் கவிழ்ப்பது இந்தக் கட்டத்தில்தான். கவிழ்க்காதீர்கள். சில மாதங்களில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு சுண்ணாம்புப் பாசி பாறையைப் பற்றத் தொடங்கினால், தொட்டி பழகிவிட்டது என்று நம்பலாம்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி வெயில். தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மே மாதச் சென்னையில் அது தானாக நடக்காது. குளிர்விக்கும் கருவிக்கும் கரண்ட் பில்லுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்பும் வேண்டும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல நீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, உள்ளேயே தங்கிவிடுகிறது.

முதல் பவளமாகக் காளான் பவளம் ஏற்றது. குறைந்த வெளிச்சத்திலும் தொட்டியின் அடியில் நிம்மதியாக இருக்கும். அடுத்து தோல் பவளம். 'ஜோவா' எனப்படும் பொத்தான் பவளமும் எளிதுதான், ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் அதை 1971இல் பிரித்தெடுத்தார்கள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. சுண்ணாம்புக்காக அங்கே ஆண்டுக்கணக்கில் பவளக்கல்லை வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிமென்ட் பலகைகளில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் மறுபடி நட்டுவருகிறார்கள். அந்தப் பக்கம் நட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் வரவேற்பறைக்காக ஒடிப்பது பாவம், குற்றமும்கூட. கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த பவளக்கல்லை விற்பதும் அதே சட்டத்துக்குள் வருகிறது. செயற்கைப் பாறையும், தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த 'ஃபிராக்' துண்டுகளும் போதும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுத்தொட்டியையும் பவளத்தையும் ஒரே பில்லில் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து, தொட்டி நீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.