பஜ்ஜி பேப்பர் பாடம்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரீட்சை எழுதப் போனவனைப் பார்த்ததுண்டா? அடியேன்தான் அது!

ஆனி மாதக் கடைசி. நல்ல சாரல். சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவையும் ஒட்டவைத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போய் நின்றால்... வெள்ளம்! ஐந்தாகப் பிரிந்து விழவேண்டிய அருவி, ஒரே வெள்ளைச் சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. போலீஸ்காரர் வாயிலிருந்து விசிலை எடுக்கவே இல்லை. தலையில் தேய்த்த எண்ணெய் காது வழியாக இறங்க, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"தண்ணி வடிய ரெண்டு மணி நேரமாவது ஆகும்லா சார்!" என்று பேப்பரில் பஜ்ஜியை வைத்து நீட்டினார் கடைக்காரர்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்களேன்" என்றாள் மனைவி. எட்டாம் வகுப்பு மகள், துண்டு, சோப்போடு நோட்டையும் ஜாமெட்ரி பாக்ஸையும் கொண்டுவந்திருந்தாள்.

நான் பி.காம். பற்று, வரவு என்றால் தூக்கத்தில்கூட டேலி பண்ணுவேன். முக்கோணம் என்றால் சமோசாதான் தெரியும். இதை மகளிடம் சொல்ல முடியுமா? அப்பா பதவி என்ன ஆவது?

நல்லவேளை, எப்போதோ செல்போனில் வந்த பழைய செய்யுள் ஒன்று ஞாபகம் வந்தது. செங்கோண முக்கோணத்தில் சாய்ந்த பக்கம் வேண்டுமா? மற்ற இரண்டில் நீளமானதிலிருந்து அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் ஒன்றைக் கழி. சின்னதில் பாதியைக் கூட்டு. வர்க்கமூலமே வேண்டாம்!

முதல் கணக்கு 3, 4. நாலில் அரை போனால் மூன்றரை. ஒன்றரையைக் கூட்டினால் 5. சரி! அடுத்தது 5, 12. பன்னிரண்டில் ஒன்றரை போனால் பத்தரை. இரண்டரையைக் கூட்டினால் 13. அதுவும் சரி! மனைவி என்னைப் பார்த்த பார்வையில் லேசாக மரியாதை தெரிந்தது.

மூன்றாவது, 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். "13.75. எழுதிக்கோ!"

அவள் படம் போட்டு அளந்தாள். "14.1 வருதுப்பா."

"ஸ்கேல் தேய்ஞ்சிருக்கும்."

"அது சரி, ஏன்ப்பா எட்டில் ஒண்ணைக் கழிக்கணும்?"

ஏன்? எட்டாம் வகுப்பில் நானும் ஒருமுறை இப்படி 'ஏன்' என்று கேட்டேன். பதிலுக்கு நடு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அதன்பின் கேட்கவே இல்லை. மனப்பாடம் பண்ணியே கரையேறிவிட்டேன். இப்போது குட்டும் இடத்தில் நான்!

"தெரியலைம்மா" என்றேன். சொன்னதும் ஆச்சரியம்... வானம் இடிந்து விழவில்லை!

அவள் பஜ்ஜி பேப்பரைச் சதுரமாகக் கிழித்து, நாலு மூலைகளையும் நடுவில் சேரும்படி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சதுரம் ஒன்று வந்தது. திடீரென்று, "அப்பா! இதுல எங்க தொட்டாலும் ரெண்டு அடுக்கு. அப்போ பெரிய சதுரம், சின்னதைப் போல ரெண்டு மடங்கு. பெரிசோட பக்கம்தானே சின்னதோட மூலைவிட்டம்?" என்றாள்.

பிரித்தும் மடித்தும் பார்த்தேன். ஆமாம்! சின்னதின் பக்கம் 10 என்றால் பரப்பு 100. பெரியது 200. அதன் பக்கம், 200-ன் வர்க்கமூலம். 14.14. டேலி! போதாயனர் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுல்ப சூத்திரத்தில் சொன்ன விஷயம், எனக்கு எண்ணெய்க் கறையோடு இப்போதுதான் விளங்கியது. என் செய்யுள் கணக்கு சில முக்கோணங்களுக்குத்தான் கச்சிதம். மற்றதற்கெல்லாம் 'கிட்டத்தட்ட'தான்.

13.75-ஐ நானே அடித்தேன். அதற்குள் தடை நீங்கிக் கூட்டம் ஓடியது. நானும் ஓடிப்போய்த் தலையைக் கொடுத்தேன். ஐந்தருவி நச்சென்று ஒரு குட்டு குட்டியது.

இந்தக் குட்டு வலிக்கவே இல்லை சார்!