இவளெல்லாம் ஒரு தாயா?

"பெத்து மூணு மாசம்கூட ஆகலை. பச்சைப் பிள்ளையைப் பாட்டிகிட்ட அனுப்பிட்டாளாம். இவளெல்லாம் ஒரு தாயா?"

நியூயார்க்கில் குடியேறிய சீனத் தாய்மார்களைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் சட்டென்று கேட்டுவிடுகிற கேள்வி இது. கேட்பது சுலபம். அவள் போட்ட கணக்கைப் பார்த்தால் வாயடைத்துப் போகும்.

1980-களிலிருந்து சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக் கடலோரக் கிராமங்களில் இருந்து ஏராளமானவர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். திருட்டுத்தனமாகக் கூட்டிப் போகிற ஏஜெண்டுகளுக்கு ஆளுக்குப் பல்லாயிரம் டாலர் கடன்! 1993 ஜூனில் 'கோல்டன் வென்ச்சர்' என்ற கப்பல் நியூயார்க் கரையருகே தரை தட்டி, நீந்திக் கரையேற முயன்ற 10 பேர் இறந்து போனார்களே... அந்த வழிதான். உயிரோடு வந்து சேர்ந்தவள் தையல் கம்பெனியிலோ ஓட்டலிலோ நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும். கணவனுக்கு வேறு ஏதோ மாநிலத்துச் சீன ஓட்டலில் அடுப்படி வேலை. இந்த நிலையில் ஒரு பிரசவம்.

சொந்த ஊராக இருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் தெரியுமா? 'ஸுவோ யுவேஸ' என்பார்கள். 'மாதம் உட்காருதல்' என்று பொருள். நம் பத்தியத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா என்றே சொல்லலாம். முப்பது நாள் பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது. காற்று படக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. இஞ்சி தட்டிப்போட்ட கோழிச் சாறு, சிவப்பரிசி மது சேர்த்த குழம்பு என்று மாமியாரோ அம்மாவோ ஆக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியிலோ பிரசவித்த கையோடு ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை நீட்டுவார்கள். இவள் வேண்டாம் என்று தலையாட்டினால், 'அடடா, மூடநம்பிக்கை' என்று ஒரு சிரிப்பு.

சிரிக்க வேண்டாம். ஒரு மாதம் அசையாமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பது வாஸ்தவம்தான். மெதுவாக நடமாடுவது நல்லது, குளிப்பதிலும் தப்பில்லை. ஆனால் அந்த முப்பது நாளின் உண்மையான மருந்து இஞ்சியில் இல்லை. 'நீ எழுந்திருக்காதே, நான் பார்த்துக்கறேன்' என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருக்கிறதே, அதுதான் மருந்து. கடல் தாண்டி வந்தவளுக்கு அந்த ஆள் இல்லை.

சட்டம் கைகொடுத்ததா? 1993-ல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த குடும்ப விடுப்புச் சட்டம் 12 வாரம் லீவு தருகிறது. சம்பளம் கிடையாது. அதுவும் குறைந்தது ஐம்பது பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். சைனா டவுன் ஓட்டலில் ஐம்பது பேருக்கு எங்கே போவது? நியூயார்க் மாநிலம் சம்பளத்தில் ஒரு பங்காவது கொடுத்து லீவு தர 2018 ஆகிவிட்டது. கணக்கில் ஏறாமல் கைக்காசு வாங்குகிறவளுக்கு அதுவும் எட்டாக்கனி. ஆயா வைத்தால் சம்பளம் அப்படியே அவள் கைக்குப் போய்விடும். கடனை யார் கட்டுவது? ஐந்து வயதானால் அரசுப் பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை பாட்டி வீடு. ஊருக்குப் போகிற யாராவது ஒருவர் மடியில் குழந்தை விமானம் ஏறிவிடும். இப்படி அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கு 'சாட்டிலைட் பேபி' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்!

அனுப்பியது சரி என்று நான் வாதாடவில்லை. அதற்கான விலையைத் தாயும் கொடுக்கிறாள், பிள்ளையும் கொடுக்கிறது. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க மறுநாளே தையல் மெஷின் முன் உட்காருகிறவளை நினைத்துப் பாருங்கள். ராத்திரி தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று அவளுக்கு யார் சொல்வது? அதனால்தான் சொல்கிறேன்: ஆறாவது வாரம் செக்கப்புக்கு வருகிறவளிடம் தையல் ஆறியதா என்பதோடு, 'வீட்டில் யார் சமைக்கிறாங்க? ராத்திரி தூங்கறியா?' என்று அவள் மொழியிலேயே கேட்க ஒரு நர்ஸாவது வேண்டும். குழந்தையை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்றால் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அடுத்த முறை வர மாட்டாள்.

பிள்ளை திரும்பி வருகிற நாள் இன்னும் கஷ்டம். ஐந்து வயதில் ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறது. பெற்றவள் கைநீட்டினால் கூட வந்தவரின் பின்னால் ஒளிகிறது. ராத்திரி பாட்டியைக் கேட்டு அழுகிறது. 'யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன்?' என்று அவளுக்குக் கோபம்கூட வரும். அடித்துத் திருத்தப் பார்ப்பாள். அது முரண்டு இல்லை அம்மா, துக்கம். அந்தக் குழந்தைக்குத் தாயாக இருந்தவள் பாட்டிதான். அவளை இழந்துவிட்டு வந்திருக்கிறது. முதல் சில மாதங்கள் தினமும் பாட்டியோடு போனில் பேச விடுங்கள். பாட்டி கை ருசியில் ஒரு குழம்பாவது வைத்துக் கொடுங்கள். அது உங்களை 'அம்மா' என்று கூப்பிடச் சில மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.