மலையேறாத சுனாமி

சுனாமி என்ற சொல்லைத் தலைப்புகளிலிருந்து சில காலம் விலக்கி வைத்தால் தமிழ்ப் பத்திரிகைகள் நொடித்துப் போய்விடமாட்டா. விலைவாசிச் சுனாமி, கடன் சுனாமி, வாக்குச் சுனாமி என்று எதற்கெடுத்தாலும் கடலைக் கூப்பிடும் வழக்கம் நமக்குப் பழகிவிட்டது. ஜப்பானியர் 'துறைமுக அலை' என்ற பொருளில் வைத்த பெயர் இது. ஆங்கிலேயர் அதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடன் வாங்கினர். இன்று முதியோர் தொகை பெருகுவதையும் ஆங்கில ஏடுகள் 'வெள்ளிச் சுனாமி' என்கின்றன. அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே நாம் இறக்குமதி செய்தோம்.

தேர்தலுக்கு 'அலை' என்பதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றதை அலை என்று எழுதியதால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. சுனாமி அப்படியன்று. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது அது. மிகக் கூடுதலாக இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையில் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முன் 'பாண் விலைச் சுனாமி' என்று வாசித்துக் காட்ட நம்மில் எவருக்குத் துணிவுண்டு?

ஆனால் என் பிரதான முறைப்பாடு வேறு. மலையகத்தின் மண்சரிவையும் 'மண் சுனாமி' என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றியது.

பொல்பிட்டியவுக்கு வந்து பாருங்கள். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டிய ஊர்; நீர்மின் நிலையத்தால் பெயர் பெற்றது. கடல் இங்கிருந்து வெகு தூரம். மழை வலுத்தால் மேலே லக்ஷபான நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்; ஆறு திடீரென உயரும். தாழ்நில மக்கள் அவதானமாக இருக்குமாறு அறிவிப்பு வரும். கதவைத் திறக்க ஒருவர் முடிவெடுத்தார் என்பது கரையோரத்துச் சிறுவனுக்கும் தெரியும். இந்த ஊர் அறிந்த அலைக்குப் பின்னால் ஓர் அலுவலகமும் ஒரு கையொப்பமும் உண்டு.

சுனாமி என்று எழுதும்போது அந்தக் கையொப்பம் மறைந்துவிடுகிறது. 2004இல் சுமத்திராவில் நிலம் குலுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. ஆயினும் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறைமை இருக்கவில்லை. மீரியபெத்தைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயன்கள் புதையுண்டன. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருட முன்னறிவித்தலோடு வருவதற்குப் பெயர் சுனாமியா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. மழை இயற்கையினது, ஒப்புக்கொள்கிறேன். சரிவின் அடியில் லயனைக் கட்டியது மழையா? அதில் வாழ்ந்தவருக்குச் சொந்தக் காணி இல்லாமற் செய்தது மழையா? 'போங்கள்' என்று சொன்னவர்கள் எங்கே போவது என்று சொன்னார்களா?

உதவி ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மண்சரிவு என்றே எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில் எச்சரிக்கை வந்த திகதி, தோட்டத்தை நிர்வகிக்கும் கம்பனியின் பெயர், மாற்றுக் காணிக்கான கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்ற விபரம் ஆகியவற்றைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் தலைப்பின் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.