ஸ்கூலுக்கு மழை லீவு... வீட்டில் யார் லீவு போடுவது?

ஐப்பசி பிறந்துவிட்டால், பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே செல்போனை எடுக்கும் வீடுகள் நிறைய. விடிய விடிய மழை கொட்டியிருக்கும். 'இன்னிக்கு ஸ்கூல் இருக்கா, இல்லையா?' என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்தரை மணிக்கே கேள்வி ஆரம்பித்திருக்கும். ஆறு மணியைத் தாண்டி, 'கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்ற கலெக்டர் அறிவிப்பு டி.வி-யில் ஓடும். யு.கே.ஜி படிக்கும் வாண்டு கட்டிலில் ஏறிக் குதிக்கும். பாதி கட்டிய டிபன் பாக்ஸோடு அம்மா அடுக்களையில் அப்படியே நிற்பார்.

லீவு பள்ளிக்குத்தானே? அப்பாவின் கம்பெனியும் அம்மாவின் ஆபீஸும் வழக்கம்போலத் திறந்திருக்கும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் அறிவிப்பு மாறுவது இன்னொரு சிக்கல். வீடும் பள்ளியும் குரோம்பேட்டையில் என்றால் அது செங்கல்பட்டு மாவட்டம். வேலை கிண்டியில் என்றால் அது சென்னை மாவட்டம். ஆவடி, பூந்தமல்லி என்றால் திருவள்ளூர். ஒரே மழை, ஒரே மின்சார ரயில், ஆனால் முடிவெடுக்கும் கலெக்டர் வேறு. 'எங்க ஏரியாவுல லீவு விட்டுட்டாங்க சார்' என்று போனில் சொன்னால், 'இங்கே விடலையே' என்று பதில் வரும்.

ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு

ஆறேகால் மணிக்குக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான். 'எனக்கு இன்னிக்கு முக்கியமான மீட்டிங் இருக்கு' என்று ஒருவர் முதலில் சொல்லிவிடுவார். மற்றவருக்கும் வேலை இருக்கும். ஆனால், முதலில் சொன்னவர் குளிக்கப் போய்விட்டால் பேச்சு முடிந்தது. லீவு போடுவது யார் என்பதை எந்த வீட்டிலும் ஓட்டெடுத்து முடிவு செய்வதில்லை. தானாக நடக்கும். தானாக நடக்கும்போது அது அம்மாவிடம்தான் போய் நிற்கும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவிகிதம் பேர். அப்படிச் செய்கிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 140 நிமிடங்களும், ஆண்கள் 74 நிமிடங்களும் இதற்குச் செலவிடுகிறார்கள். மழை இல்லாத நாள்களையும் சேர்த்த கணக்கு இது. குழந்தை முழுநேரமும் வீட்டில் இருக்கும் நாளில் நிலைமை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

'என் சம்பளம்தானே அதிகம், அவ லீவு போட்டா நஷ்டம் கம்மி' என்பது பல வீடுகளில் சொல்லப்படும் நியாயம். அன்றைய ஒருநாள் கணக்குக்கு அது சரிதான். ஆனால், வருஷா வருஷம் அவரே லீவு போட்டால், 'நம்பி வேலை கொடுக்க முடியாது, அடிக்கடி லீவு' என்ற பெயரும் அவருக்குத்தான் வரும். இன்கிரிமென்ட் குறையும். அடுத்த மழைக்காலத்திலும் அவர் சம்பளமே குறைவாக இருக்கும். அடுத்த வருடமும் அதே நியாயம் பேசப்படும்.

வருடக் கடைசியில் வரும் மழை

தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல். இந்த மூன்று மாதங்கள்தான் ஆபீஸ் லீவும் தீரும் காலம். தமிழக அரசு ஊழியருக்கு வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, மத்திய அரசு ஊழியருக்கு 8 நாள். ஜனவரியில் தொடங்கி காதுகுத்து, கல்யாணம், காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் போய், ஐப்பசியில் கையில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான். தீபாவளிக்கு ஊருக்குப் போக ஒன்று வேண்டும். மழையில் நனைந்த குழந்தைக்குச் சளி, ஜுரம் என்றால் இன்னொன்று.

மாதச் சம்பளக்காரர்களுக்கே இப்படி. துப்புரவுப் பணி, கடை வேலை, வீட்டு வேலை செய்யும் அம்மாக்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பத்து வயது அக்காவிடம் போகிறது. தண்ணீர் ஓதம் ஏறிய சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும் வீட்டில், இரண்டு குழந்தைகளைத் தனியே விட்டுப் போவது எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும் விஷயம். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் ஸ்கூல் போகும் பிள்ளை இருக்கலாம். கலெக்டர் லீவு விட்ட நாளில், 'பிள்ளையைப் பார்த்துக்கோங்க, சம்பளம் பிடிக்க மாட்டோம்' என்று நீங்கள் ஒரு போன் செய்தால், அந்த வீட்டில் அன்றைய காலை வேறு மாதிரி இருக்கும்.

பாட்டி இருக்கும் வீடுகள் கொடுத்துவைத்தவை. ஆனால், ஈரக் காற்றில் மூட்டு வலியோடு, மூன்று வயதுக் குழந்தையின் பின்னால் காலை எட்டு முதல் இரவு ஏழு வரை ஓடுவது அவருக்கு லேசான வேலை இல்லை. 'அம்மா இருக்காங்க, பார்த்துப்பாங்க' என்று முடிவு செய்வதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

மழை லீவு எந்தத் தேதியில் வரும் என்பது தெரியாது. வரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆறேகால் மணிப் பேச்சை அக்டோபர் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடலாம்.

* தேதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்: லீவு ஒற்றைப்படைத் தேதியில் வந்தால் அப்பா, இரட்டைப்படைத் தேதியில் வந்தால் அம்மா. காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டால், அன்று காலை யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நிஜமாகவே தவிர்க்க முடியாத வேலை என்றால், முறையை மாற்றிக்கொண்டு அடுத்த லீவில் ஈடுகட்டலாம்.

* அரை நாள் கணக்கு: இரண்டு பேருக்கும் லீவு குறைவாக இருந்தால், காலை ஒருவர், மதியம் ஒருவர் என்று அரை நாள் லீவாகப் பிரிக்கலாம்.

* அக்கம்பக்கத்துக் கூட்டணி: ஒரே அப்பார்ட்மென்ட்டில் நான்கு வீட்டுக் குழந்தைகள் இருந்தால், ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வீடு. நான்கு லீவுக்கு ஒரு முறைதான் உங்கள் முறை வரும். சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்பலாம்.

* முதல் நாள் மாலையே பாருங்கள்: வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக அடுத்த சில நாள்களுக்கான எச்சரிக்கையை வெளியிடுகிறது. உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது ரெட் அலர்ட் என்றால், மறுநாளுக்கு யார் என்பதை இரவே முடிவு செய்யலாம். வாட்ஸ்அப்பில் வரும் லீவு அறிவிப்பில் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். போன வருட அறிவிப்பும் சுற்றி வரும்.

* ஆபீஸில் கேளுங்கள்: 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்பதில் தவறில்லை.

ஒர்க் ஃப்ரம் ஹோம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தை மடியில் ஏறி கீபோர்டைத் தட்டும்போது நடப்பது இரண்டு முழுநேர வேலை. அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குச் சமையலாவது மிச்சமாகட்டும்.

அப்பா வீட்டில் இருக்கும் லீவு நாளில் பெரிதாக எதுவும் திட்டமிட வேண்டாம். கடலை வேகவைத்து உப்புப் போட்டுத் தரலாம். மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி, காயாத யூனிஃபார்மைக் குழந்தையோடு சேர்ந்து உலர்த்தலாம். பழைய நோட்டில் கப்பல் செய்து, தெருத் தண்ணீரில் விடாமல் வீட்டு பக்கெட்டில் விடலாம். மாலையில் அம்மா நனைந்த குடையோடு வரும்போது, டீ போட்டு வைத்திருக்கலாம்.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள்: 'நாளைக்கு மழை லீவு விட்டா, உன்கூட யார் இருப்பாங்க?' பிள்ளை யோசிக்காமல் 'அம்மா' என்று சொன்னால், சாப்பிட்ட கையைக் கழுவிய உடனேயே காலண்டரை எடுத்துவிடலாம்.