ஆராதனை எத்தனை மணிக்கு?

ஒரு திருச்சபை தனக்கென இணையத்தளம் அமைக்கும்போது அது முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி, ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்பதே. கோயில் எங்கே இருக்கிறது, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. ஞானஸ்நானத்துக்கோ ஓலை வாசிப்புக்கோ, அதாவது திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் சபையார் முன்னிலையில் வாசிக்கப்படும் அறிவிப்புக்கோ, யாரை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் கிடைத்துவிட்டால், ஆயரின் செய்தி, பாடகர் குழுவின் படங்கள், காணிக்கை செலுத்தும் வழி ஆகியவை எந்த வரிசையில் வந்தாலும் குறையில்லை.

தென்மாவட்டச் சேகரம் ஒன்றின் புதிய தளம் (ஓர் ஆயரின் பொறுப்பில் அடங்கிய சபைகளின் தொகுதியே சேகரம்) இவ்வாரம் பொத்தான் அழுத்தித் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முகப்பில் சூரிய உதயமும் புறாவும் மாறிமாறித் தோன்றுகின்றன. கேட்பாரில்லாமலே கீர்த்தனை ஒன்று ஒலிக்கத் தொடங்குகிறது. சபையார் அனைவரும் சேர்ந்துண்ணும் அசன விருந்தின் படங்களோ பக்கம் பக்கமாக நீளுகின்றன. ஆராதனை நேரத்தைத் தேடுவோருக்கு, கோயில் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையைக் கைப்பேசியில் பிடித்த படம் ஒன்று கிடைக்கிறது. அந்தப் படத்தில் ‘காலை’ என்ற சொல்லுக்கு அடுத்து இருந்திருக்க வேண்டிய எண், கைப்பேசியின் வெளிச்சம் பட்டு வெள்ளைத் திட்டாகியிருக்கிறது.

படமாக்கப்பட்ட தமிழின்மீது இப்பத்திக்குள்ள பகை வாசகர்களுக்குப் பழைய செய்தி. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், அரசு அலுவலக அறிவிக்கை என அதைத் துரத்திவந்த இப்பத்தி, தேவாலயத்துக்கு மட்டும் விலக்கு அளிப்பதற்கு நியாயம் இல்லை. கணினியைப் பொறுத்தவரை படம் என்பது வண்ணப் புள்ளிகளின் பரப்பு. அதில் எழுதப்பட்டிருப்பது தமிழா, கோலமா என்பது சாதாரணத் தேடலுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரையும் ‘ஆராதனை நேரம்’ என்பதையும் சேர்த்துத் தேடுகிறவர் அப்பக்கத்தை அடைவது அரிது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் மென்பொருள், அங்கே ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கண்ணாடி அணிந்த முதியவர் பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்து கலங்குமேயன்றித் தெளியாது.

அத்தளத்தின் ‘சபை வரலாறு’ பக்கம் இதைவிட விந்தையானது. படமாக இல்லாமல் எழுத்தாகவே அது அமைந்திருக்கிறது. ஆனால் அவ்வளவும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகவே திரையில் தெரிகிறது. சபையின் ஆண்டுவிழா மலருக்காக அச்சகத்தில் தட்டிய கோப்பை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதைத் தமிழில் டிடிபி, அதாவது கணினி அச்சுக்கோப்பு, வேலை தெரிந்த எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவர். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின் மீது தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. குறிப்பிட்ட எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே அவை தமிழாகத் தோன்றும். அவற்றுள் ஒன்றான பாமினி எழுத்துருவில் ‘வணக்கம்’ என்று தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். அதில் வரும் அரைப்புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி.

அந்த அரைப்புள்ளியைக் கண்டபின் சேகரத்தின் தளத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கொல்லத்துக்கும் தரங்கம்பாடிக்கும் போகாமல் இருப்பது இப்பத்திக்கு இயலாத காரியம். தமிழ்ப் புள்ளிக்கும் கிறித்தவ அச்சுக்கும் உள்ள கணக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் அதை இடவில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இடம் நோக்கி, பொருள் நோக்கி, ‘க’வா ‘க்’கா என்று வாசிப்பவரே முடிவு செய்துகொண்டார். இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றிக்கசு 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கங்கள் கொண்டதாயினும், இன்று கிடைப்பவற்றுள் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதன் ஈய எழுத்துகளும் ஓலை வழக்கையே பின்பற்றிப் புள்ளியில்லாமல் நின்றன.

தரங்கம்பாடியின் கதை அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டு பிந்தியது. டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் புளுட்சோவுடன் 1706 சூலை 9 அன்று அங்கே வந்திறங்கினார். இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அவர்களுக்கென ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது; அதை ஏற்றிவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டது; இயந்திரத்தை இயக்க உடன்வந்தவரோ கரை காணாமலே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் வந்துசேர்ந்தபோது அதனுடன் இருந்தவை போர்த்துகீசிய மொழிக்குரிய எழுத்துகளே. தமிழ் எழுத்துகளின் மாதிரியைச் செருமனியின் ஆலே நகருக்கு அனுப்ப, தமிழ் அறியாத கைவினைஞர்கள் அதைப் பார்த்துச் செதுக்கி வார்த்த எழுத்துகள் 1713இல் வந்தன. அவை நன்றாகவே இருந்தன. ஆனால் உருவில் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றால் அச்சிட்டால் கைவசமிருந்த காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும் என்று தெரிந்தபோது, அங்கிருந்தோர் செய்த காரியம்தான் இங்கே கருதத்தக்கது. இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கி, ஆட்லர் என்னும் அச்சுத் தொழிலாளரைக் கொண்டு, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பரிகாரமாகப் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலை ஒன்றையும் நிறுவினார்கள். நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி 1715இலும் அச்சேறின. இன்றும் தரங்கம்பாடியில் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் அர்ப்பணிக்கப்பட்டது. மறு ஆண்டே சீகன்பால்கு காலமானார். நூல் அச்சானது முன்பும், இன்று நிற்கும் ஆலயம் எழுந்தது பின்பும் என்ற இந்த வரிசையை, கட்டட நிதிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கும் இக்காலத் தளங்கள் நினைவில் கொள்ளலாம்.

இதே காலத்தில் தமிழகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் எழுத்து வடிவிலேயே வேறுபடுத்திக் காட்டும் முறையை நிலைநாட்டியவர் என்று போற்றப்படுகிறார். ஒற்றைக் கொம்பு ‘கெ’, இரட்டைச் சுழிக் கொம்பு ‘கே’ என்று இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை அறிவது அதன் பயனே. தரங்கம்பாடியாரின் கொள்கையை மறுத்து ‘லுத்தேரினத்தியல்பு’ எழுதியவரும் அவரே. அப்படியிருந்தும், பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான். கொள்கையில் எதிரெதிராக நின்றவர்கள் தமிழ் எழுத்து என்று வந்தபோது ஒரே அச்சுக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது இப்பத்திக்கு மிகவும் உவப்பான செய்தி. வாசகர்கள் இதை முன்பும் இங்கே படித்திருக்கக்கூடும், இனியும் படிப்பார்கள்.

அச்சுக்கோப்பவரின் பழக்கம் ஒன்று இன்றைய கணினி வரை தொடர்ந்து வந்திருக்கிறது. ‘கொ’ என்பதைக் கோக்கும்போது அவர் முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் அதன்பின் காலையும் எடுத்து அடுக்குவார். கண்ணுக்குத் தெரியும் வரிசையே அவருக்கு வரிசை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா முதலியோரின் உழைப்பால் வந்த தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் கொம்பே முன்னால் அடிக்கப்பட்டது. பாமினி போன்ற எழுத்துருக்கள் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பையே பெரும்பாலும் தழுவியதால் அவ்வழக்கம் கணினிக்குள்ளும் நுழைந்தது. காகிதத்தில் அச்சாகும்வரை இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் கணினி அதை வாசிக்கவும், அகரவரிசைப்படுத்தவும், தேடவும் முற்பட்டால் கொம்பு என்பது யாருடையது என்று தெரியாமல் தனித்து நிற்கும். உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் வழங்கும் ஒருங்குறி, 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. அதில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னால் வரைவது மென்பொருளின் வேலை. ஓலையில் இடமின்றி, தொடக்ககால ஈய அச்சிலும் இடமின்றி, பாமினியில் அரைப்புள்ளியின் விசையில் ஒண்டிக்கொண்டிருந்த புள்ளிக்கு ஒருங்குறியில் தனக்கென்று ஒரு குறியெண் உண்டு. தமிழ்நாடு அரசு 2010 சூனில் ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டும்விட்டது.

ஆகவே, தமிழை எழுத்தாக இட வசதியில்லை என்று இனி எந்தச் சபையும் சொல்வதற்கில்லை. எழுத்தை உருக்கி வார்க்க ஈயம் தேட வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் உள்ள மலரை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை விடும் சில பிழைகளை ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு மாலையில் திருத்திவிடலாம். தங்கள் மொழியில் அச்சு உண்டாவதற்கு இத்தனை பாடுகளைக் கண்ட ஒரு மரபின் வாரிசுகள், அம்மொழியை அரைப்புள்ளிகளின் குப்பையாகத் தொங்கவிடுவது தகாது.

தளம் அமைத்துத் தருவோருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் சேகர மன்றத்தார் ஒரு சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். ஆராதனை நேரம் எழுதப்பட்ட வரியைத் தளத்திலிருந்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு ஒட்டி அனுப்பட்டும். தமிழ் தமிழாகவே போய்ச் சேர்ந்தால் பணத்தைக் கொடுக்கலாம். வரியை நகலெடுக்கவே முடியாவிட்டாலும், அரைப்புள்ளிகள் போய்ச் சேர்ந்தாலும், சரிசெய்து தரும்வரை பணத்தை நிறுத்திவைப்பதே முறை.