போய் வருகிறேன் என்று சொல்லிச் செல்லட்டும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், கல்லூரியில் பயிலும் பிள்ளைகளைப் பெற்ற நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "இளவேனில் விடுமுறைக்கு நண்பர்களோடு காரில் வெளியூர் போய் வரட்டுமா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் நேற்றுவரை நம் தமிழ்ப் பள்ளி வகுப்பறையில் அமர்ந்து அணில், ஆடு, இலை என்று எழுதிப் பழகியவர்கள். நம்மில் பலர் சிந்திக்கும் முன்னரே சொல்லிவிடும் விடை "வேண்டாம்" என்பதுதான். நாங்களும் அவ்வாறே சொன்னோம். அது பிழை என்று இன்று உணர்கின்றோம். அதன் காரணத்தை இவ்விழா மலரின் வாயிலாகச் சக பெற்றோர்களிடம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் நம் அச்சத்தின் பக்கம் நின்று பார்ப்போம். அது காரணமற்ற அச்சம் அன்று. 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம், புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரையை நாடெங்கும் உள்ள மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1985-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,50,000 மாணவர்கள் அவ்வூரில் குவிந்தனர் என்பர். ஆரவாரம் தாங்காமல் நகராட்சி கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. கூட்டம் வேறு கடற்கரைகளை நாடிச் சென்றது. 2024-இல் மயாமி பீச் நகரமே "இந்த விடுமுறைக் கொண்டாட்டத்தோடு எங்களுக்கு இனி உறவில்லை" என்னும் பொருள்பட விளம்பரம் செய்தது. மது அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை நாடெங்கும் நிலைநாட்டக் கூட்டரசு 1984-இல் சட்டம் இயற்றியது. ஆயினும், அவ்வயதை எட்டாதோர் கைகளிலும் கிண்ணம் இருப்பதை யார் அறியார்?

இவற்றையெல்லாம் எண்ணித்தான், சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மூத்த மகன் கேட்டபோது மறுத்துவிட்டோம். காரணம் சொல்லவில்லை, அவன் திட்டம் என்னவென்று கேட்கவுமில்லை. "படிப்பைப் பார்" என்று சொல்லி முடித்தோம். அவனும் மறுத்துப் பேசவில்லை. விடுமுறையில் விடுதியிலேயே தங்கிப் படிக்கப்போவதாகச் சொன்னான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விழாவில், உணவுப் பந்தியின் அருகே அவனுடைய நண்பனின் தாயார் எங்களைக் கண்டு, "நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார்" என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் அறிந்திருப்போம் என்றே அவர் எண்ணியிருந்தார். நியூ ஜெர்சியிலிருந்து புளோரிடா வரை ஏறத்தாழ ஆயிரம் மைல். 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் நான்கு பேர் இரவு முழுவதும் நிற்காமல் சென்றிருக்கின்றனர். தென் கரோலினாவில், அதிகாலை மூன்று மணி அளவில், ஓட்டியவன் கண்ணயர்ந்து வண்டி சாலையோரத் தடுப்பில் உரசி நின்றிருக்கின்றது. ஓட்டியவன் எங்கள் மகன்.

ஏன் எங்களை அழைக்கவில்லை என்று கேட்டோம். "எப்படி அப்பா அழைப்பது? நான் அங்கே இருப்பதே உங்களுக்குத் தெரியாதே" என்றான். எங்களிடம் அதற்கு விடையில்லை. எங்கள் மறுப்பு அவன் பயணத்தைத் தடுக்கவில்லை. இடர் வந்த வேளையில் எங்களை அழைக்கும் வழியை மட்டுமே அடைத்திருக்கின்றது.

"நாமும் இளமையில் பயணம் போனவர்கள்தாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகளில் பயின்றவர்கள் இறுதியாண்டுச் சுற்றுலாவை மறந்திருக்க மாட்டார்கள். மைசூர், கோவா, தில்லி என்று இரயிலிலும் பேருந்திலும் சென்றோம். ஆனால் அப்போது வண்டி ஓட்டியவர் அனுபவமுள்ள ஓட்டுநர். உடன் வந்தவர் பேராசிரியர். இங்கே ஓட்டுநரும் மாணவர், வழிநடத்துபவரும் மாணவர். ஆகவே, நாம் சென்றதால் அவர்களும் செல்லலாம் என்று விட்டுவிடுவதும் முறையன்று. தடையும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தரும் இசைவும் வேண்டாம். உட்கார்ந்து பேசித் தரும் இசைவே வேண்டும் என்பது எங்கள் துணிபு. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது இதற்குத்தான்.

இரண்டாண்டுகள் கழித்து எங்கள் மகள் அதே கேள்வியோடு வந்தாள். இம்முறை ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் அமர்ந்தோம். அன்று பேசி முடிவு செய்தவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்று இங்கே தருகின்றோம்.

நள்ளிரவு முதல் விடியும் வரை வண்டி ஓட்டுவதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிலை, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலையை ஒக்கும் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கூறுகின்றனர். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு இணை. பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் வகுத்த எல்லையோ 0.08. மது அருந்தாத நம் பிள்ளையும் உறக்கமின்மையால் அந்நிலையை அடையக்கூடும். எனவே இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஓட்டுபவர் மாற வேண்டும்; முதல் இரவு பாதி வழியில் தங்க வேண்டும்.

வாடகை வண்டியாயின், ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே ஓட்ட வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. வீட்டு வண்டியாயின், காப்பீடு யார் யாருக்குப் பொருந்தும் என்று முன்னரே கேட்டு அறிய வேண்டும். கடலுக்குச் செல்வோர் கொடிகளின் பொருளை அறிந்திருக்க வேண்டும்; புளோரிடாவில் இரண்டு சிவப்புக் கொடிகள் பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும்.

இவையெல்லாம் பிள்ளைகள் தரும் வாக்கு. பெற்றோர் தரும் வாக்கும் ஒன்று உண்டு. எந்த நேரத்தில், எந்த நிலையில் அழைத்தாலும் அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். உதவி மட்டுமே செய்வோம். அதேபோல், கைப்பேசி வரைபடத்தில் நகரும் புள்ளியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டோம் என்றும் சொன்னோம். மாலையில் ஓர் அழைப்பு போதும். இவ்விரு வாக்குகளையும் காப்பது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

மகள் கடற்கரையை நாடவில்லை. அவளும் மூன்று தோழிகளும் 81-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே வர்ஜீனியாவில் ரோனோக் நகரில் ஓர் இரவு தங்கி, டென்னசியில் ஸ்மோக்கி மலைகளைக் கண்டு, அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த இல்லத்தின் முன் நின்று, அலபாமாவில் செல்மா நகரின் பாலம் வரை சென்றனர். 1965 மார்ச் 7-ஆம் நாள் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் தடியடி பட்ட பாலம் அது. அதே மாதத்தில் அவர்கள் மீண்டும் புறப்பட்டு, 54 மைல் நடந்து மாண்ட்கோமரியை அடைந்தனர்.

அன்று மாலை அவள் எங்களை அழைக்கும் முன் நாகர்கோவிலில் உள்ள பாட்டியை அழைத்திருக்கின்றாள். 1959-இல் இந்தியா வந்தபோது கிங் கன்னியாகுமரியில் நின்று, கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருங்கே கண்டார் என்பதைத் தமிழிலேயே சொல்லியிருக்கின்றாள். "நம்ம ஊருக்கா வந்தாரு?" என்று பாட்டி வியந்தாராம். பத்தாண்டுகள் வாரந்தோறும் தமிழ்ப் பள்ளிக்கு வந்த பயனை நாங்கள் அன்று கண்டோம்.

மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்று இருப்போரும் நம்மிடையே உண்டு. சாலையில் உறக்கம் இருபாலாருக்கும் ஒன்றுபோல்தான் வரும். ஆகவே விதிகளும் ஒன்றாகவே இருக்கட்டும். "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வோம். எங்கள் மகனைப் பற்றி ஊரார் வழியேதான் நாங்கள் அறிந்தோம். அதைவிடத் தலைகுனிவு வேறில்லை.

நம் மொழியில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்றே சொல்வார். இதை நம் பள்ளியில் மழலை வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். கற்ற பிள்ளை அதைச் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டுமானால், கேட்பதற்கு வாசலில் நாம் நிற்க வேண்டும். வரும் மார்ச்சில் உங்கள் பிள்ளை கேட்கும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள் என்று அன்புடன் வேண்டுகின்றோம்.