இம்ப்ளான்ட் பல்லில் சொத்தை வராது... பிறகு ஏன் கழன்று வருகிறது?

'ஒருமுறை வச்சா வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை' என்பார்கள் இம்ப்ளான்ட் பற்றி. இதில் பாதிதான் உண்மை. டைட்டானியம் ஸ்க்ரூவில் சொத்தை விழாதுதான். ஆனால், அதைத் தாங்கும் தாடை எலும்பு கரையலாம்.

எப்போது தோற்கிறது?

டைட்டானியத்தோடு எலும்பு இறுகப் பிணையும் என்று கண்டறிந்த ஸ்வீடன் மருத்துவர் பிரானமார்க், 1965-ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். அந்தப் பிணைப்பே அமையாவிட்டால் சில மாதங்களில் ஸ்க்ரூ ஆடிவிடும். நன்றாகப் பிணைந்து, வருடக்கணக்கில் மென்று சாப்பிட்ட பிறகு வரும் தோல்விக்கு முக்கியக் காரணம் பாக்டீரியா.

பாக்டீரியா என்ன செய்கிறது?

எச்சிலில் உள்ள புரதங்கள் சில நிமிடங்களிலேயே இம்ப்ளான்ட் மேல் மெல்லிய படலமாகப் படியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை முதலில் அதில் ஒட்டும். சுத்தம் செய்யாமல் விட்டால், காற்று புகாத ஈறு இடுக்கில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை குடியேறும். எல்லாம் சேர்ந்து பிசுபிசுப்பான உறைக்குள் வாழும் இந்தக் கூட்டம்தான் பயோஃபிலிம். மாத்திரை மட்டும் போட்டால் இது போகாது, சுரண்டித்தான் எடுக்கணும்.

இதை எதிர்த்து நம் உடல் நடத்தும் சண்டையில்தான் எலும்பு கரைகிறது.

சொந்தப் பல்லுக்கு இல்லாத ஆபத்தா?

சொந்தப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் புகுந்து பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டுக்குள் அவை புகுவதில்லை. ஒட்டினாற்போல ஓடும், அவ்வளவுதான். அதனால் கிருமிகளுக்கு உள்ளே இறங்குவது எளிது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வலி வரட்டும் என்று காத்திருக்காதீங்க. பெரும்பாலும் வலிக்காது. பிரஷ் பண்ணும்போது ரத்தம், ஈறு சிவந்து வீங்குவது ஆகியவைதான் முதல் அறிகுறிகள். இந்தக் கட்டத்துக்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கினால் அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். சிகிச்சையால் மேலும் கரையாமல் தடுக்க முயலலாம். போன எலும்பு தானாகத் திரும்பாது.

யார் கவனமா இருக்கணும்?

ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். பல்லைப் பறித்த அதே நோய் இம்ப்ளான்ட்டையும் தாக்கலாம். எனவே முதலில் ஈறு நோய்க்கு சிகிச்சை, பிறகே இம்ப்ளான்ட்.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்க: என் ஈறு இப்போ ஆரோக்கியமா இருக்கா? பொருத்தப்போகும் பல்லைச் சுற்றி இன்டர்டென்டல் பிரஷ் நுழையுமா? பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, பல் பொருத்தியதும் எக்ஸ்-ரே எடுத்து வைப்பீங்களா?

ஸ்க்ரூவுக்கு கம்பெனி வாரண்டி தரலாம். எலும்புக்கு வாரண்டி, தினசரி சுத்தமும் தவறாத செக்-அப்பும்தான்.